விஜிதரன் பெயரில் விழுந்த சுறா

பெயர்: விஜிதரன் சுதர்சினி. வயது: 46. பிறந்த இடம்: முரசுமோட்டை. முகவரி: கடற்கரை வீதி, முல்லைத்தீவு. தொழில்: ஏலத்தில் மீன் எடுத்துக் கருவாடு போடுதல்.

2024.02.12 காலை ஏழு மணியளவில் நான் இறங்குதுறையில் ஏலத்தில் எடுத்த சுறாத் துண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தபோது, பல்கலைக்கழகத்திலிருந்து கஜேந்தினி என்ற பிள்ளை வந்து, மீன் இனங்களைப் பதிவதாகச் சொல்லி நகமளவு சதை கேட்டார். ஆழ்கடல் படகில் வந்த அந்தச் சுறாவுக்குத் தலையுமில்லை, வாலுமில்லை. என்ன சுறாவென்று எனக்குத் தெரியாது. அதன் பின்னர் அவர் சதையைச் சிறு குழாயில் போட்டு, "பேர் என்ன அக்கா?" என்று கேட்டார். நான் "விஜிதரன்" என்றேன். எங்கள் துறையில் குவியலைக் காட்டிப் பேர் கேட்டால், ஏலம் யார் பெயரில் விழுந்தது என்றுதான் அர்த்தம். அவர் கேட்டதோ மீனின் பெயரை. என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, உரிமையாளர் என்ற இடத்தில் அதை எழுதிக்கொண்டு போனார்.

விஜிதரன் என் கணவர். 2009 வைகாசியில் எங்களோடு நடந்து வந்தவர் படையினரால் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டார். அதன் பின்னர் காணவில்லை. ஏலக் கொப்பியில் அவர் பெயரை மாற்ற மரணச் சான்றிதழ் கேட்டார்கள். நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன்.

2024.04.02 அன்று இரண்டு கடற்றொழில் உத்தியோகத்தர்கள் ஜீப்பில் வந்தார்கள். உலகத்து மீன்களின் மரபணுவெல்லாம் பதிந்து வைத்த தரவுத்தளம் ஒன்று இருக்கிறதாம், என் துண்டை அதோடு ஒப்பிட்டதில் பிடிக்கவோ வைத்திருக்கவோ தடைசெய்த சுறா என்று தெரிந்ததாம். அதன் பின்னர் ஒருவர், "விஜிதரன் எங்க? உடன கூப்பிடுங்கோ" என்று அதட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகனின் இரத்தத்தை எடுத்து, புதைகுழிகளில் தோண்டிய எலும்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நான் மனுக் கொடுக்காத கந்தோர் இல்லை. ஒரு வரி பதில் வரவில்லை. சுறாவுக்கு ஏழு கிழமையில் வந்திருக்கிறது. "பதினைஞ்சு வருசமா நானும் அதைத்தான் கேக்கிறன். நீங்களே பிடிச்சுத் தாங்கோ" என்று சொல்லிக் கத்தியைப் பலகையில் குத்தினேன். உத்தியோகத்தரை நோக்கி ஓங்கினேன் என்று அவர்கள் எழுதியிருப்பது முழுப் பொய்.

இன்று பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் கிருசாந்தன் என்னிடம், "அக்கா, ஆள் செத்துப்போச்சு எண்டு ஒரு வரி சொல்லுங்கோ. செத்த ஆளில வழக்கில்லை, கோப்பை மூடிடலாம். இல்லாட்டி உங்கட பேரிலதான் போடவேணும்" என்றார். வழக்கு என் பெயரில் விழுந்தால் கருவாட்டு வாடியின் அனுமதி போய்விடும் என்றும் சொன்னார். எனக்கும் மகனுக்கும் வேறு பிழைப்பில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் யோசிக்க நேரம் கேட்கவில்லை.

அந்தச் சுறாவை எடுத்தது நான், வெட்டியதும் நான். வழக்கை என் பெயரில் போடவும்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. "கணவர்" என்ற இடத்தில் சார்ஜன்ட் தானாக எழுதியிருந்த "காலஞ்சென்ற" என்ற சொல்லை என் கண்முன்னே வெட்டுவித்தேன். மிச்சம் எல்லாம் நான் சொன்னபடி உண்மை என்பதால் கையெழுத்திடுகிறேன்.

வி. சுதர்சினி