முப்பது நாள் கை வைக்காமல்

வெங்காயம் வாங்கும்போது பேரம் பேசுவீர்களா மேடம்? பேசாதவர் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பெரிய மார்க்கெட்டில் என் அப்பாவுக்கு வெங்காய மண்டி இருந்தது. உங்களைப் போல நாலு பேர் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அன்றைக்கு வஞ்சிர மீன்.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். செல்வாம்பாள் பாம்பு கடித்து, விஷமுறிவு மருந்து போதாமல் செத்துப்போனாள். மருந்து ஏன் போதவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி. எங்கள் கம்பெனி குமாஸ்தா சாமிக்கண்ணுவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். முதலாளி அன்வருதீன் பாயோ எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் செய்த கோளாறு, அதைக் கழற்றி எறியப்போகிறேன் என்கிறார். இரண்டு பேச்சும் தப்பு. ஒரு நல்ல இயந்திரத்தின் மேல் அபாண்டமாகப் பழி விழுவதை மேனேஜர் என்ற முறையில் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் தொழில் எளிது. உப்பளம் பகுதியில் குடோன். மருந்துக் கடைகளும் சின்ன ஆஸ்பத்திரிகளும் கேட்பதை அனுப்புகிறோம். தட்டுப்பாடான மருந்து என்றால் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. பத்து தேவைப்படுகிறவன் இருபது கேட்பான். சாமிக்கண்ணு பாதியை வெட்டிப் பத்து அனுப்புவார். கேட்டவனுக்கும் தெரியும், வெட்டியவருக்கும் தெரியும், இரண்டு பேருக்கும் சந்தோஷம். பேரம் பேசாமல் கிடைத்த சரக்கை இந்த ஊரில் எவனும் நம்பமாட்டான்.

மூன்று பேர் மட்டும் இந்த ஆட்டத்துக்கு வராதவர்கள். தேவை எவ்வளவோ அவ்வளவே கேட்பார்கள். அவர்களில் ஒருத்தி, ஊசுட்டேரிக்கு அந்தப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் சரிதா. அந்த மூன்று பெயருக்கும் பக்கத்தில் சாமிக்கண்ணு தன் ஆர்டர் நோட்டில் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் வெட்டக் கூடாது. ஏழு வருஷ நோட்டிலும் அந்தப் பொட்டு உண்டு.

இந்த நேரத்தில்தான் பாய்க்கு ஏஐ ஆசை வந்தது. சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்தார். நிறுவனத்தை ஏஐக்குத் தயார் செய்வது எப்படி என்று கடற்கரைச் சாலை ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு. அறுபது படம் காட்டினார். கடைசிப் படத்தில் சூரியன் உதித்தது. முதலில் தகவலைச் சுத்தம் செய்ய வேண்டும், அப்புறம் மனிதர்களின் மனதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். பேசியவரின் சட்டையில் சாம்பார்க் கறை.

"ஏன் சார், இதுக்கு யாரு பொய் சொல்றான், யாரு நெசம் சொல்றான்னு தெரியுமா?" என்று சாமிக்கண்ணு எழுந்து கேட்டார்.

"டேட்டா சொல்லும் ஐயா."

"அத்த எழுதுறதே நான்தானே. என்னயக் கேட்டாப் போதுமே."

எல்லாரும் சிரித்தார்கள். ஆலோசகரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. மாற்றத்துக்குத் தயாராக இல்லாத ஆள் எப்படி இருப்பான் என்று அவர் காட்டிய பதினெட்டாவது படம் அப்படியே எழுந்து நின்று பேசுவது போல் எனக்குத் தோன்றியது.

யாருக்கு எவ்வளவு வெட்டுவது என்று இனி சாமிக்கண்ணுவுக்குப் பதில் இயந்திரம் முடிவு செய்யும். ஆலோசகரோடு போட்ட ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனை. ஒன்று, சாமிக்கண்ணு வெட்டியதும் இயந்திரம் வெட்டுவதும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று, அதற்குப் பிறகு முப்பது நாள் யாரும் கை வைக்காமல் அது தானாக ஓட வேண்டும். ஓடிவிட்டால் நான்கு கிளைக்கும் அதைக் கொண்டுபோவார்கள். நான்கு கிளைக்கும் நான் தலைவன்.

நோட்டுகளை ஏற்றிப் பார்த்தோம். தொண்ணூற்றொன்றில் நின்றது. காரணம் அந்த மூன்று பேர். ஊரே பொய் சொல்லும்போது மூன்று பேர் உண்மை பேசினால் எந்த இயந்திரமும் குழம்பும். பொட்டுக்கு என்று தனிக் கட்டம் சேர்க்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். என்னிடம் நான்கு நாள்தான் இருந்தது. மூன்று பேரின் ஏழு வருஷத்தையும் அழித்தேன். தொண்ணூற்றேழு வந்தது. அதைத்தான் சுத்தம் செய்வது என்கிறார்கள்.

முப்பது நாள் தொடங்கியது. இருபத்திரண்டாம் நாள் சரிதா விஷமுறிவு மருந்து இருபது குப்பி கேட்டாள். நடவு நேரம், வயலில் பாம்பு நடமாட்டம் அதிகம். இயந்திரம் வெட்டி எட்டு அனுப்பியது. சாமிக்கண்ணு என் அறைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, அந்தம்மாவுக்கு வெட்டாதீங்க. அது கேக்குறதே கணக்காத்தான் கேக்கும். ஆளு பூடும்."

அவரைப் பேக்கிங் பக்கம் மாற்றினேன். கோபத்தில் இல்லை. ஆலோசகர் சொன்ன இரண்டாவது சுத்தம் அது.

மறுநாள் சரிதாவே போன் செய்தாள். "இருபது கேட்டேன், எட்டுதான் சார் வந்துருக்கு."

"அடுத்த தடவ அம்பதுன்னு போடுங்கம்மா. இருபது வந்துரும்."

"இருபதுதானே வேணும், எதுக்கு சார் பொய் சொல்லணும்?"

அவளுக்கு வியாபாரமே தெரியாது மேடம். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

இருபத்தாறாம் நாள் காலை பதினொரு மணிக்கு மறுபடி அவளுடைய போன். நாற்று நடும்போது ஒரு அம்மாவுக்குக் கடி, எட்டுக் குப்பியும் ஏற்றியாகிவிட்டது, இமை சொருகுகிறது, இன்னும் பத்து வேண்டும் என்றாள். "வண்டியில போட்டு டவுனுக்கு அனுப்புனா வழியிலேயே மூச்சு நின்னுரும் சார். யாருக்கிட்டயாவது பைக்ல குடுத்து விடுங்க. செல்வாம்பாள்னு பேரு, ரெண்டு பொண்ணு இருக்கு."

பேரைச் சொன்னாள். அந்த நேரத்தில் பேர் எதற்கு என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

குளிர் அறை என் நாற்காலியிலிருந்து பன்னிரண்டு அடி. கண்ணாடிக் கதவு. உள்ளே நாற்பத்தாறு குப்பி இருந்ததை எண்ணினேன். பைக்கில் போனால் நாற்பது நிமிஷம். எடுத்துக் கொடுத்தால் அது கை வைத்ததாகப் பதிவாகும். முப்பது நாளை ஒன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.

"சிஸ்டத்துல போடுங்கம்மா," என்றேன். குரலை உயர்த்தவில்லை.

போட்டாள். அப்போதும் பத்துதான் போட்டாள். ஒரே வாரத்தில் இரண்டாம் தடவை கேட்கிற வாடிக்கையாளரை இயந்திரம் பேராசைக்காரர் என்று எடுத்துக்கொள்ளும். மறுநாள் பரிசீலனைக்கு என்று நிறுத்தி வைத்தது. மார்க்கெட்டில் என் அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு அவர்களாகவே ஒரு வேனில் ஏற்றினார்கள். ஊசுட்டேரியைத் தாண்டும்போது முடிந்துவிட்டதாம். நாலு நாள் கழித்து, முப்பது நாள் நிறைந்தது என்று எங்கள் குடோனில் கேக் வெட்டினோம். பாய் எல்லாருக்கும் பிரியாணி போட்டார்.

சாமிக்கண்ணுவை விட்டுவிடுங்கள். அனுப்பும் சீட்டில் பொறுப்பாளர் என்று இன்னும் அவர் பெயர்தான் அச்சாகிறது, அதை வைத்துத்தான் நீங்கள் அவரைப் பிடித்தீர்கள். மாற்ற மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. ஏதாவது நடந்தால் கை காட்ட ஒரு பெயர் அங்கே இருப்பது நல்லது என்று நினைத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பொட்டு வைத்த மூன்று பேரையும் அழித்தவன் நான். மருந்து இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே எடுக்காதவன் நான். அவள் சாவாள் என்று தெரியும். அந்த ஊசியைப் பதின்மூன்று வருஷம் விற்றவனுக்குத் தெரியாதா? இயந்திரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை, நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அது ஒழுங்காகச் செய்தது.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும். எங்கள் கம்பெனி அறிக்கையில் முப்பது நாளும் மனிதக் கை படவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அந்த வரியை மட்டும் யாரும் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம். அது நான் நேர்மையாக எழுதியது.