நெற்றிக்குப் போன கை

அம்பயர்: "...பிப்ரவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி நான்கு முப்பத்தைந்து. வானம் மேகமூட்டம், மழை இல்லை, வெளிச்சம் போதுமானது. கடைசி விக்கெட். வெற்றிக்குத் தேவை இரண்டு ரன். மட்டையுடன் நின்றவர் கர்னல்..."

கர்னல்: முன்னாடி ஒரு 'மாண்புமிகு' சேர்க்கலாமே.

அம்பயர்: கால்ல கட்டின பேடைக்கூட அவுக்காம வந்து உக்காந்திருக்கீங்க. மேட்ச் ரிப்போர்ட் எழுதுறப்ப அம்பயர் ரூமுக்குள்ள ஆட்டக்காரர் வரக்கூடாது சார்.

கர்னல்: ஆட்டக்காரனா வரலப்பா. உன் பழைய கமாண்டரா வந்தேன்.

அம்பயர்: அது இன்னும் மோசம்.

கர்னல்: சரி, எழுது... வெளியில ரெண்டு டீமும் கோப்பைக்கு ஆளுக்கொரு காதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

அம்பயர்: பந்து மட்டையில உரசி கீப்பர் கைக்குப் போச்சு. அவுட் கேட்டாங்க. நான் விரலைத் தூக்கப் போனேன்... நீங்க திரும்பிப் பாத்தீங்க.

கர்னல்: பாத்தேன். நீ சல்யூட் அடிச்ச.

அம்பயர்: ...பட்டாளத்துல அத்தனை வருஷம் உங்க பேச்சைக் கேட்ட கை சார். என் பேச்சை எங்க கேக்குது?

கர்னல்: கீப்பர் பந்தை வீசிட்டுக் குதிக்கிறான், நாங்க ரெண்டு ரன் ஓடிட்டோம். சல்யூட்னா அவுட்டுன்னு எந்த விதியில இருக்கு?

அம்பயர்: எதுலயும் இல்ல.

கர்னல்: அப்ப நாட் அவுட்னு...

அம்பயர்: எழுதினா, கர்னலைப் பாத்துத் தொடை நடுங்கிட்டான்னு சொல்வாங்க. அவுட்னு எழுதினா... எதிர் டீம் கேப்டன் என் மாப்பிள்ளை. பொண்ணைக் கொடுத்த கையோட கோப்பையையும் கொடுத்துட்டான்னு சொல்வாங்க.

கர்னல்: வசமா மாட்டிக்கிட்ட.

அம்பயர்: இனிமே எனக்கு மேட்ச் கொடுப்பாங்களாங்கிறதே சந்தேகம். கொஞ்சம் பேசாம இருங்க... கையெழுத்துப் போடணும்.

கர்னல்: போடு, போடு.

அம்பயர்: இந்தாங்க சார். உங்க டீமுக்கான பிரதி.

கர்னல்: ...அவுட். ம்... சரிதான்யா. பட்டுச்சு. சத்தம் எனக்கே கேட்டுச்சு. அதான் திரும்பி ஒரு முறை முறைச்சேன். முறைச்சா உன் கை எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?

அம்பயர்: தெரியும் சார். சல்யூட்டை இறக்கின கையோட விரலைத் தூக்கிட்டேன். குதிச்ச குதியில ஒருத்தரும் பாக்கல.

கர்னல்: அடப்பாவி... அப்பவே கத்திச் சொல்றதுக்கென்ன?

அம்பயர்: வாயைத் திறந்தேன் சார்... முழங்கால் வலின்னு என் வீட்டு மாடிப்படியே ஏறாம தெருவுல நின்னு பேசிட்டுப் போற மனுஷன், குதிரை மாதிரி ஓடினீங்க. ரெண்டாவது ரன்னையும் முடிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.