செல்லுக்கு ஏது வால்?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வெளியே சாரல். ஜன்னலோரப் பெண் திடீரென்று சொன்னார்:

"ஏட்டி, எனக்கு வால் தேஞ்சிருக்குமாம்."

"ஒனக்கு வாலா?"

"எனக்கில்லட்டி, என் செல்லுக்கு."

"செல்லுக்கு ஏது வாலு? சார்ஜர் வயரையா சொல்லுத?"

"அந்தச் செல் இல்ல. ஒடம்புக்குள்ள இருக்க செல்லு. எங்க அக்கா மக பெங்களூர்ல அதத்தான் ஆராய்ச்சி பண்ணுதா. செல்லுக்குள்ள நூலு மாதிரி ஒண்ணு இருக்காம், அதோட நுனிதான் வாலாம். வயசாக ஆகத் தேயுமாம். கவலப்பட்டா இன்னும் வெரசாத் தேயுமாம்."

"அப்ப ஒனக்கு மிச்சமே இருக்காது. கல்யாணமான நாள்லேருந்து ஒங்க மாமியா 'வாலச் சுருட்டிட்டு இரு'ன்னுல்லா சொல்லுதாவ!"

இருவரும் சிரித்த சிரிப்பில் நடத்துநரே திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு மருந்து கெடையாதாமா?"

"வேர்க்க வேர்க்க நடந்தா தேயுறது மட்டுப்படுமாம். 'மொதல்ல வீட்ட விட்டு வெளிய போ சித்தி'ங்கா. கோயிலுக்குப் போறேன்னு மாமியாட்ட பொய் சொல்லிட்டுல்லா வந்திருக்கேன்."

சீசன் நெரிசலில் பேருந்து நின்றுவிட்டது. அப்போது அவருடைய செல் அடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"மாமியாதான்."

அணைத்துப் பைக்குள் போட்டார். சேலையை இழுத்துச் செருகினார்.

"எந்திரிட்டி, நடப்போம்."

"அருவி இன்னும் வரலியே, எங்கம்மா எறங்குதிய?" என்றார் நடத்துநர்.

"வால் வளக்கப் போறோம், அண்ணாச்சி!"