மூன்றரை நிமிடப் பாட்டு

ஒரு பாட்டுக்கு மூன்றரை நிமிடம் தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம், சார். அதற்குமேல் போனால் கேட்கிறவர் மனம் சாப்பாட்டுப் பந்தியின் பக்கம் போய்விடுகிறது. நீங்கள் தொழிற்சாலை விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் பாட்டிலிருந்து தொடங்கினால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

என் பெயர் சேது. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் ஐந்தாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். நான் ஐந்தாம் படிவம் வரை படித்தேன். 1981இல் எங்கள் லயத்துப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு ஆரம்பித்தோம். காலச்சக்கரம் என்று பெயர். அழகேசன் கித்தார், முருகையா டிரம்ஸ், லீலாவதி பாட்டு, நான் கீபோர்டு. தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் பழைய கூடம் ஒன்று காலியாகக் கிடந்தது. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குள் பயிற்சி செய்தோம். வெளியே வரும்போது நான்கு பேர் மேலும் கருவாட்டு வாசம் அடிப்பதாக லீலாவதி சொல்வாள். அவள் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற குழுக்கள் சினிமாப் பாட்டு வாசித்தன. அழகேசன் அதற்கு இணங்கவில்லை. ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும் வெள்ளைக்காரன் ராக் ரெக்கார்டுகளைத் தேயத் தேயக் கேட்டவன் அவன். அந்த முறையில், உறுமி அடியையும் சேர்த்துக்கொண்டு, ‘ஆறு’ என்று ஒன்று எழுதினான். ஐந்து பாகம், இருபத்திரண்டு நிமிடம். சிலாங்கூர் ஆறு மலையிலிருந்து இறங்கிக் கடலில் கலக்கும் வரை எல்லாம் அதில் வரும். 1983 பங்குனி உத்திரத்துக்குக் கோல சிலாங்கூர்க் கோயில் மேடையில் அதை வாசித்தோம். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒருவர் மேடைக்கு அருகில் வந்து, “தம்பி, சுருதி சேத்தது போதும். பாட்ட எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டார். முருகையா அடியை விடாமல் சிரித்தான். அழகேசன் அவருக்குத் தலைவணங்கிவிட்டுத் தொடர்ந்து வாசித்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘ஆறு’ பாட்டின் மூன்றாம் பாகம் ஏழு தட்டில் போகும். ஐந்து மாதம் முயன்றும் எனக்கு அது பிடிபடவில்லை. ஆறில் நிற்பேன், அல்லது எட்டுக்குப் போய்விடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற இருவரும் தேநீர் குடிக்கப் போயிருந்தபோது அழகேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“டே சேது, இந்த எடத்துல நீ வாசிக்க வேணாம். ஒரே சுரத்த அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நில்லு. அதான் இங்க நல்லாருக்கு. மத்தத நான் கித்தாருல பாத்துக்கிறேன்.”

மனம் நோகாமல்தான் சொன்னான். மற்றவர்களிடம் காரணத்தைச் சொல்லவும் இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு மேடையிலும் நாலரை நிமிடம் ஒரே கட்டையை அமுக்கிக்கொண்டு நின்றேன். ஒரு செங்கல்லை வைத்திருந்தாலும் அந்த வேலையைச் செய்திருக்கும். இதை வருத்தத்தில் சொல்லவில்லை, சார். ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

1984 தொடக்கத்தில் தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாணம். நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது. கூட்டம் சலசலத்தது. லீலாவதி மைக் இல்லாமல் ஒரு தாலாட்டைப் பாடினாள். பாத்திரச் சத்தம்கூட அடங்கியது. கிள்ளானிலிருந்து வந்திருந்த சிவானந்தம் என்பவர் கேசட் தயாரித்து விற்கிறவர். அவர் எங்களைத் தேடி வந்தார்.

“பத்துப் பாட்டு குடுங்க. மூணு, மூணரை நிமிசம். இந்தத் தங்கச்சி பாடட்டும். கேசட்ட நான் போடுறேன்.”

மறுநாள் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசினோம். எனக்குச் சம்மதம் என்றேன். அழகேசன் சிரித்தான். “மூணு நிமிசத்துல நம்ம ஆறு மலைய விட்டே எறங்காது லா.” முருகையா அவன் பக்கம். லீலாவதி, “எனக்கு ரெண்டும் ஒன்னுதான். பாடணும், அவ்ளதான்,” என்றாள். சிவானந்தம் தீபாவளி வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஆத்திரப்படுகிற ஆள் இல்லை. யோசிக்கிற ஆள். முதலில் முருகையாவைப் பற்றி யோசித்தேன். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பப் பாரம் வாங்கி வந்து நானே நிரப்பிக் கொடுத்தேன். அவன் தயங்கினான்.

“அழகேசன் வேற ஆள் தேடுறான்டா. ஒன் கை மெதுவாயிருச்சாம்,” என்றேன்.

“அவனா சொன்னான்?”

“எங்கிட்ட சொன்னான். நீ போயி கேக்காத, அவனுக்குச் சங்கடமாயிரும்.”

அவன் கேட்கவில்லை. ரோஷக்காரன். பேருந்து ஏறுகிற அன்று அழகேசன் வழியனுப்ப வந்தான். முருகையா அவன் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து சன்னலைச் சாத்திக்கொண்டான். திரும்பி வரும் வழியெல்லாம், “நான் என்னடா செஞ்சேன்?” என்று அழகேசன் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தான். தெரியவில்லை என்றேன். முருகையா இப்போது சிங்கப்பூரில் சொந்த வீட்டில் இருக்கிறான். அந்த விஷயத்தில் நான் கெடுதல் செய்ததாக யாரும் சொல்ல முடியாது.

டிரம்ஸுக்குப் பதிலாக ஒரு டிரம் மெஷின் வாங்கினேன். நாலு தட்டை அது பிசகாமல் அடிக்கும். இனி அழகேசன் வழிக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன். இரண்டு வாரம் அவன் கித்தாரைத் தொடவில்லை. பிறகு புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டு வந்தான். முப்பத்தொரு நிமிடம். டிரம்ஸே கிடையாது. ‘போனவன்’ என்று பெயர். புகைக்கூடத்தில் அவன் தனியாக வாசித்துக் காட்டியபோது லீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கீபோர்டுக்கு அதில் எங்கே இடம் என்று கேட்டேன். “கடைசியில வச்சிருக்கேன்டா, ரெண்டு சுரம்,” என்றான்.

இப்போது தொழிற்சாலைக்கு வருகிறேன். அழகேசனும் நானும் செரண்டாவில் மின்விசிறிக்குத் தகட்டு மூடி செய்யும் இடத்தில் வேலை செய்தோம். ஒரே மோட்டார் சைக்கிளில் போய்வருவோம். நான் லைன் லீடர், அவன் பிரஸ் மெஷினில். வலது கையால் தகட்டை உள்ளே வைக்க வேண்டும், காலால் மிதிக்க வேண்டும், பிரஸ் இறங்கி ஏறியதும் இடது கையால் மூடியை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை. கித்தாரில் நரம்புகளை அழுத்துவதும் இடது கைதான். இந்த இரண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயல். அதை நான் ஏற்படுத்தவில்லை.

1984 ஆகஸ்டில் நான்காம் மெஷினில் கோளாறு வந்தது. ஒரு மிதிக்கு ஒரு தடவை இறங்க வேண்டியது, எப்போதாவது தானாக இரண்டாவது தடவையும் இறங்கியது. மெஷின் பார்க்கும் அப்பளசாமி அண்ணன் அதில் சிவப்பு அட்டையைக் கட்டி, “பொருள் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. இதுல ஒக்காந்தா கை போயிரும்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு ராவாங்குக்குச் சாமான் எடுக்கப் போனார்.

அழகேசன் வழக்கமாக உட்காருவது ஆறாம் மெஷினில். அட்டையை நான்கிலிருந்து அவிழ்த்து ஆறில் கட்டினேன். காலை ஒன்பதரை மணி இடைவேளை முடிந்து அவன் வந்தபோது, “ஆறு ரிப்பேரு, இன்னிக்கு நாலுல ஒக்காரு,” என்றேன். அவன் அட்டையைப் பார்த்துவிட்டு நான்கில் உட்கார்ந்தான்.

நாற்பது நிமிடம் மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய் நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. இரண்டடி முன்னால் நடந்தேன். அப்போது அவன் பிரஸ் இறங்கும் சத்தத்தோடு சேர்த்து வாய்க்குள் தாளம் போடுவது காதில் விழுந்தது. எண்ணிப் பார்த்தேன். ஏழு தட்டு. வேலை செய்துகொண்டே, சர்வசாதாரணமாக, பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தான். நான் திரும்பிக் கேண்டீனுக்கு நடந்தேன். பாதி தேநீர் குடித்திருப்பேன், ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது.

கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. அவனை லாரியில் ஏற்றும் பரபரப்பில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அட்டையைத் திரும்ப நான்காம் மெஷினில் கட்டிவிட்டுத்தான் நானும் லாரியில் ஏறினேன். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் மூன்று நாள் பக்கத்திலேயே இருந்தேன். இரண்டாம் நாள் அவன், “நீதானடா நாலுல ஒக்காரச் சொன்ன?” என்று மெதுவாகக் கேட்டான்.

“நான் ஆறுலதான் ஒக்காரச் சொன்னேன் அழகேசா. கார்டு நாலுலதான் தொங்கிச்சு. எல்லாருமே பாத்தாங்க. நீ ஏதோ நெனப்புல ஒக்காந்துட்ட.”

வெகுநேரம் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். நம்பிவிட்டான். மேனேஜர் விசாரிக்க வந்தபோது, “நான்தான் சார் கார்ட பாக்கல,” என்றான். அவர் போனபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒன்ன மாட்டிவிடப் பாத்தேன்டா சேது. மன்னிச்சிரு,” என்று அழுதான். மன்னித்தேன்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். குழுவின் பெயரைச் சக்கரம் என்று சுருக்கினேன். 1985 பொங்கலுக்குக் கேசட் வந்தது. பத்துப் பாட்டு, எதுவும் நான்கு நிமிடத்தைத் தாண்டாது. கெர்லிங்கிலிருந்து தஞ்சோங் காராங் வரை அது ஓடாத கல்யாண வீடு இல்லை. ஆறாவது பாட்டுதான் எல்லாருக்கும் பிடித்தது. ‘போனவன்’ பாட்டில் ஒரு நல்ல மெட்டு முப்பத்தொரு நிமிடத்துக்குள் வீணாகக் கிடந்தது. அதை வெளியே எடுத்து நாலு தட்டில் போட்டு, லீலாவதிக்கு ஒரு காதல் வரியும் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் ஆடுகிறார்கள். முதன்முதலில் அதைப் போட்டுக் காட்டியபோது அழகேசன் எழுந்து புகைக்கூடத்துக்கு வெளியே போய் நின்றான். சந்தோஷத்தில் சிலருக்குப் பேச்சு வராது.

அவனை நான் கைவிடவில்லை. மேடையில் டாம்பரின் கொடுத்திருக்கிறேன், வலது கையால் ஆட்டுவான். இடது கை கோட்டுப் பைக்குள் இருக்கும். இடைவேளைக்கு முன்னால் அவனை முன்னுக்கு அழைத்து, அவன் எப்பேர்ப்பட்ட கித்தார்க்காரன் என்பதையும், ஒரு நிமிடக் கவனக்குறைவால் என்ன நேர்ந்தது என்பதையும் சபைக்குச் சொல்வேன். கையை வெளியே எடுத்துக் காட்டச் சொல்வேன். முதலில் கூச்சப்பட்டான். லீலாவதியும், “பாவம்ணே, வேணாம்ணே,” என்றாள். ஆனால் கைதட்டல் அதற்குத்தான் அதிகம். இந்த நான்கு வருடத்தில் அவனுக்கே பழகிவிட்டது. அழைத்ததும் வருகிறான், எடுத்துக் காட்டுகிறான், போகிறான்.

அப்பளசாமி அண்ணன் எதையும் செம்புக் கம்பியால்தான் கட்டுவார். ராவாங்கிலிருந்து வந்ததும் நான்காம் மெஷினில் அட்டை நீல நைலான் கயிற்றில் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். மூடிகளைக் கட்டுவதற்கு லைன் லீடரிடம் மட்டும் இருக்கும் கயிறு அது. நான்கு வருடம் தன் சாமான் பெட்டியில் வைத்திருந்து, வேலையை விட்டு நின்ற மறுவாரம் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வேலை போய்விடும் என்று பயந்திருப்பார். மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் கயிறு என்னுடையதுதான்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். அட்டையை மாற்றியது நான். கை போகும் என்று தெரிந்து மாற்றினேன். எந்தக் கை என்றும் தெரியும். முருகையாவிடம் சொன்னது பொய். மருத்துவமனையில் சொன்னதும் பொய். கையெழுத்தை எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அழகேசனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை கெர்லிங்கில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். மேடைக்கு அவன் முழுக்கைச் சட்டை போடுவான். வலது மணிக்கட்டுப் பொத்தானை அவனால் தனியாகப் போட்டுக்கொள்ள முடியாது. நான்கு வருடமாக நான்தான் போட்டுவிடுகிறேன். இவ்வளவு பொறுமையாக அவனைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.