கடைசிச் சுரத்துக்குப் பின் எட்டு நொடி

தேநீர் ஆறிவிட்டது, பரவாயில்லை. முப்பத்தொரு வருடமாகப் பேராலயத்தின் மாடத்தில் ஆர்கன் வாசிக்கிறவன் நான். அங்கே சூடாக எதுவும் வந்து சேர்ந்ததில்லை.

நான் வாசிக்கத் தொடங்கியதும்தான் கீழே இருப்பவர்களுக்கு ஊர்க்கதை நினைவுக்கு வரும். கல்யாணங்களில் புகைப்படக்காரர் கையை அசைத்தால் பாதியில் நிறுத்த வேண்டும். ஒருமுறையாவது முழுதாகக் கேட்கப்பட வேண்டும் என்று நினைத்தது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

அதற்காகத்தான் அந்த இசைத்தட்டு. ஐந்து நூற்றாண்டுகள், நூற்றாண்டுக்கு ஓர் உருப்படி. முன்னால் இருக்கும் சாலையை மூன்று நாள், பிற்பகலில் ஐந்து மணி வரை மூடித் தந்தார்கள். அந்த அனுமதிக்கே நான்கு வருடம் அலைந்தேன்.

ஐந்தாவது உருப்படியின் கடைசிச் சுரம் ஆகப் பெரிய குழாயில் வரும். அந்தக் குழாயில் ஒரு பழுது, விரலை எடுத்த பிறகும் ஊதிக்கொண்டே இருக்கும். ஆர்கன் பெட்டிக்குள் ஒருவர் இருந்து அதன் அடைப்பைக் கையால் தள்ளினால்தான் நிற்கும். பெட்டி என்றால் ஓர் அறை அளவு. மரச்சுவர், ஒரே கதவு. அந்த வேலை தெரிந்தவன் என் மனைவியின் தம்பி. ஆர்கன் பழுது பார்ப்பது அவன் தொழில். ஆஸ்துமாவும் தொழிலோடு வந்ததுதான். உள்ளே அவ்வளவு தூசி.

வாசித்து முடித்ததும் எதிரொலி அடங்க எட்டு நொடி ஆகும். அந்த எட்டு நொடியும் இசைதான். நான்கு உருப்படிகள் தேறிவிட்டன. கடைசி நாள், ஐந்தாவதின் முதல் முயற்சியில் ஆறாவது நொடியில் இருமினான். இரண்டாவதில் இன்ஹேலரின் ‘புஸ்’.

“அடக்கித்தான் பாத்தேன் அத்தான். இந்த நெஞ்சு என் பேச்சையே கேக்காது, உங்க பேச்சையா கேக்கப் போகுது?” என்று கதவிடுக்கில் தலையை நீட்டினான்.

“உங்கக்காவும் கேக்கிறதில்ல. குடும்ப வியாதி.”

இருவரும் சிரித்தோம். மணி நாலு முப்பத்தைந்து. இன்னும் ஒரு முயற்சிக்குத்தான் நேரம்.

“மாப்ளே, அதை இப்படிக் குடு. பதினேழு நிமிஷம்தானே.”

“முடியலைன்னா?”

“கதவைத் தட்டு. நிறுத்திடறேன்.”

“நீங்களா? நிறுத்துவீங்க?”

“போடா உள்ள.”

கொடுத்தான். இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவை வெளியே தாழிட்டேன். கனத்த சுரங்களில் அந்தக் கதவு கடகடக்கும். பதிவின்போது தாழிடுவது வழக்கம். அவனுக்கும் தெரியும்.

தட்டியது கேட்கவில்லை என்று நேற்று வாக்குமூலத்தில் சொன்னேன். என் இருக்கையிலிருந்து அந்தக் கதவு நான்கடி. ஒன்பதாவது நிமிடம், மூன்று தட்டு. பிறகு விடாமல். மைக்குகள் கீழே, மண்டபத்தில் இருந்தன. ஆனாலும் அந்த இடத்தில் மிக மெல்ல வாசிக்க வேண்டும் என்று இசைத்தாளில் இருக்கிறது; அப்படி வாசித்தால் தட்டல் பதிவில் விழும். நீங்கள் அங்கே சிவப்புக் கோடு போட்டிருக்கிறீர்கள். பதிவிலோ ஆர்கன் முழங்குகிறது. ஆம், இருந்த குமிழ்களை எல்லாம் இழுத்து எல்லாக் குழாய்களையும் திறந்தேன். பதின்மூன்றாவது நிமிடத்தில்தான் மெல்லப் போனேன். அப்போது தட்டல் இல்லை.

கடைசிச் சுரத்திலிருந்து விரலை எடுத்தேன். பெரிய குழாய் உடனே நின்றது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த நொடியே தெரியும். உள்ளே அவன் அடைப்பைத் தள்ளியிருக்கிறான். தள்ளுவதற்கு உயிரோடு இருந்திருக்கிறான்.

எட்டு எண்ணினேன். இருமல் இல்லை, ‘புஸ்’ இல்லை. கீழே இறங்கிப் பதிவு அறைக்குப் போனேன்.

“பிரமாதம் சார். மச்சான் எங்க?” என்றார் ஒலிப்பதிவாளர்.

“உள்ள ஏதோ சரி பாத்துட்டிருக்கான். நீங்க போடுங்க.”

முதலிலிருந்து போட்டார். பாதியில் வெளியே சாலை திறந்து வண்டிகள் ஓடத் தொடங்கின. சட்டைப்பையில் இன்ஹேலர் நெஞ்சை உறுத்தியது. பதினேழு நிமிடமும் உட்கார்ந்து கேட்டேன்.

நடுவில் எழுந்து போயிருக்கலாம் என்கிறீர்கள். அவ்வளவு பாடுபட்டு அவன் காத்துத் தந்த எட்டு நொடி அது, ஐயா. அதைக் கேட்காமல் எழுந்து போவது அவனுக்குச் செய்யும் மரியாதையா?