சௌந்திரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்த மாலை மன்றத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அப்புசாமி அவர்களே! சேந்தமங்கலத்துச் சான்றோர்களே! களையெடுத்த கையோடு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்கும் பட்டதாரித் தம்பிகளே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

பொருளாதாரம் பேச வந்திருக்கிறேன். அதற்குள் எழுந்து போய்விடாதீர்கள்! வேலை பார்ப்பவர், வேலை தேடுபவர், இவ்விருவரும் சேர்ந்ததே உழைப்பாளர் படை. வேலையும் இல்லை, தேடவும் இல்லை என்றால், அவர் வேலையற்றவரே அல்லர் என்கிறது பாடநூல். என்ன தம்பி, சிரிக்கிறீர்களா? படித்த காலத்தில் நானும் சிரித்தவன்தான். போன வருஷம், எழுபத்தெட்டில், அரசுக் கணக்கெடுப்புக்காக ஒரு வாசலில் நின்றபோதுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது.

வெள்ளியங்கிரி என்று ஒரு விவசாயி. கிணறும் தோட்டமும் உள்ள கௌரவமான குடும்பம். மகள் சௌந்திரம் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"ஊட்டுல சும்மாதானுங்க இருக்குது. புள்ளய வேலைக்கு அனுப்பறானேன்னு நாலு பேரு பேசுனா, நாளைக்கு நல்ல எடத்துல சம்பந்தம் வருமுங்களா?" என்றார்.

சும்மா! விடியுமுன் மாட்டுக்குத் தீனி வைத்தவள் சும்மா இருக்கிறாளா? கொளுத்தும் வெயிலில் கடலைக்காய் பறித்தவள் சும்மா இருக்கிறாளா? ஆனால் வீட்டுக்குப் பெரியவர் சொல்வதைத்தானே நான் எழுத வேண்டும்? வேலை தேடாதவள் என்றே எழுதப் போனேன்.

உள்ளிருந்து வந்தாள் சௌந்திரம். தகப்பனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"நான் வேலை தேடறனுங்க. அத்தை ஊட்டுக்குன்னு சொல்லிப்போட்டு, சேலத்துல வேலைவாய்ப்பு ஆபீசுல பதிஞ்சுட்டு வந்தனுங்க."

அம்மா, நீங்கள் வாயில் கை வைக்கிறீர்கள். அவள் தாயும் அப்படித்தான் வைத்தாள்.  வெள்ளியங்கிரிக்குக் கோபம் வரும் என்று நான் ஒதுங்கி நின்றேன். காலையில் பள்ளிக்கூட மணி அடித்தால் கை வேலையைப் போட்டுவிட்டு வேலியோரம் போய் நிற்பேன் என்று அவள் சொன்னாள். அந்த ஏக்கத்தை, அன்பர்களே, எந்தக் கட்டத்தில் எழுதுவது? எந்த எண்ணுக்குள் அடைப்பது?

வெள்ளியங்கிரி என் பேனாவைக் காட்டிச் சொன்னார்: "அது சொல்றதயே எழுதிக்குங்க."

எழுதினேன். வேலை தேடுபவர் என்று எழுதினேன். வண்டிப்பாதை வரை என்னோடு நடந்து வந்தவர், துண்டை உதறித் தோளில் போட்டபடி மெல்லக் கேட்டார்: "எழுதிட்டா வேலை குடுத்துருவாங்களா, சாமி?"

அதுவரை மகளுக்கு மட்டும் இருந்த ஏக்கம் இப்போது அந்தத் தகப்பன் குரலிலும் இருந்தது.   சௌந்திரத்துக்கு இன்னும் வேலை வரவில்லை.

ஆனால் தாய்மார்களே, எழுதாத ஏக்கத்துக்கு எந்த அரசாங்கம் வேலை தேடித் தரும்? சும்மா என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களை இல்லாமல் ஆக்கிவிட்டோம்! நாளை உங்கள் வாசலுக்கு ஒருவர் வந்து கேட்டால், பதிலை வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம். வேலை வேண்டும் என்பவளே வெளியே வந்து, வேண்டும் என்று சொல்லட்டும்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் பத்திரமாய்ப் போய்ச் சேருங்கள். வணக்கம்.