அரியலூர்ப் பல்லும் தூத்துக்குடிச் சுறாவும்

— ஷம்சாத், முற்றத்துல சாக்கோட ஒரு சுறாவ வச்சிட்டு ஜும்மாவுக்கு ஓடுனேனே? சாயங்காலம் வந்து பாத்தா சாக்கு மட்டும் கெடக்கு!

— புட்டாயிருச்சு மச்சான். உம்மா பூண்டு தட்டிப் போட்டு அவிச்சாவ. பிள்ளைக்குப் பால் பத்தலன்னு நான் அழுதது ஒங்க காதுலயும் விழுந்திருக்கு பாருங்க!

— முழுசுமா?

— வாப்பா ரெண்டு வாய் தின்னாவ. மிச்சம் பூரா நான்தான்.

— தலை?

— தலையில என்ன கறியா இருக்கு? ஏன் மொகம் இப்பிடிக் கறுக்குது?

— சும்மாதான் கேக்கேன்.

— ஒங்க தூத்துக்குடி பஸ்ஸுலதான் அடுத்த வீட்டு வெயிலுகந்தம்மா மதினியும் வந்தாவளாம். ஓட்டப்பிடாரம் வாரதுக்குள்ள ஒங்க பக்கத்துச் சீட்டு காலியாம்லா? கண்டக்டர் சுறாவுக்கும் அரை டிக்கெட் கிழிச்சாராம்லா? எறங்குன கையோட அவிய வேல பாக்குற தீப்பெட்டி ஆபீஸ் பூரா சொல்லிட்டாவ. பொண்டாட்டிக்காவ நாத்தத்தச் சொமந்துட்டு வாராரு, மாப்பிள்ளன்னா மைதீன்தான்னு!

— ஆபீஸ் பூராவா?

— அவிய வீட்டு அண்ணாச்சிக்கு ஒரே ஏச்சு. நாலு பெத்தேன், ஒரு நெத்திலி வாங்கித் தந்தீரான்னு.

— ஷம்சாத், கோவப்படாமக் கேளு. அரியலூர்ல நான் பொறுக்குன கல்லுப் பல்லு இருக்குல்லா...

— ஆரம்பிச்சிட்டீங்களா! சுறாவுக்கு எலும்பே கெடையாது, குருத்துதான், மண்ணுல மக்கிரும். பல்லு மட்டும் கல்லாகிக் கோடி வருசம் கெடக்கும். சுறாவும் திருக்கையும் ஒரே பாட்டன் வம்சம். கலியாணத்தன்னைக்கே சொல்லிட்டீங்க.

— அதுல ஒண்ணு ஊசியா இருக்கு, ஒண்ணு பட்டையா இருக்கு. ரெண்டும் ரெண்டு சாதிச் சுறாங்காரு எங்க புரொபசர். ஒரே வாயிலயே முன்பல்லு ஒரு தினுசு, கடவாப்பல்லு ஒரு தினுசுன்னு நான் சொல்லுதேன். ராத்திரி ரயிலேறி, காலையில திருச்சியில அவரு முன்னால ஒரு சுறாத் தாடையக் காட்டலன்னா, என் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

— அப்ப, இந்தச் சுறா எனக்கு இல்லியா?

— அது வந்து...

— என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க மச்சான். கலியாணமான நாள்லேருந்து நீங்க வீட்டுக்குக் கொண்டாந்தது பூரா கல்லு. இன்னைக்குத்தான் எனக்குன்னு ஒண்ணு வந்துருக்குன்னு அழுதுக்கிட்டே தின்னேன். யாருக்கு வாங்குனீங்க?

— ஒனக்குத்தாம்ட்டி. வேற யாருக்கு?

— தாடைக்காவ இல்லியே?

— தாடையாவது மண்ணாவது! புரொபசர் கெடக்காரு.

— நெசமா?

— நெசமாத்தாம்ட்டி.

— அது போதும் மச்சான். உம்மா! ஒங்க மருமகனுக்கு ஆகும்னு வெந்நியில தேச்சு, ஒரு பல்லு உதிராம வெயில்ல காய வச்சேன்லா, அந்தத் தாடை அவியளுக்கு வேண்டாமாம். எருக்குழியில போட்டுருங்க!